நச்சரித்து வாங்கிய நாதம்

மேற்கத்திய ஆர்க்கெஸ்ட்ரா கச்சேரிக்கு எழுதாத சட்டம் ஒன்று உண்டு. முதலில் பத்து நிமிஷம் ஓவர்ச்சர்; தாமதமாக வந்தவர்கள் கதவுக்கு வெளியே நின்று கைக்கடிகாரத்தைக் குற்றம் சொல்வதற்கான நேரம் அது. அடுத்து கான்செர்ட்டோ. அதற்கென்று முந்தின நாள் விமானத்தில் வந்து இறங்கிய பியானோக்காரரோ வயலின்காரரோ தலைமுடியைச் சிலுப்பிக்கொண்டு மேடையேறுவார். இடைவேளை. பிறகு நாற்பது நிமிஷம் சிம்பொனி. சுவரொட்டியில் பீத்தோவன், பிராம்ஸ், சைகோவ்ஸ்கி ஆகிய மூவரில் ஒருவராவது இருந்தால் அரங்கம் நிறையும். இல்லாவிட்டால் நிர்வாகக் கணக்கருக்கு அன்றிரவு தூக்கம் போச்சு.

இருந்தாலும் அவ்வப்போது ஏதாவது ஓர் ஆர்க்கெஸ்ட்ராவுக்குத் துணிச்சல் வந்துவிடும். அதிகம் கேட்டிராத படைப்புகளையும், புல்லாங்குழல், ஒபோ, கிளாரினெட், பசூன் ஆகிய மரக்குழல் வாத்தியங்களுக்கான கான்செர்ட்டோக்களையும் சேர்த்து ஒரு மாலை முழுவதும் வாசிப்பதாக அறிவித்துவிடுவார்கள். சுவரொட்டியில் கிரோமர், கிரவுஸ், குருசெல், கொஜெலுக் என்று பெயர்கள் வரிசை கட்டி நிற்கும். ஒரே வீட்டில் ககர வரிசையாகப் பெயர் வைத்து வளர்த்த அண்ணன் தம்பிகளோ என்று டிக்கெட் வாங்க வந்தவர் திகைப்பார். கூட வந்த மனைவி, "பீத்தோவன் எப்போது வருவார்?" என்று கேட்பார். "அடுத்த வாரம்" என்று கவுன்ட்டரில் பதில் வரும். அடுத்த வாரத்துக்கே வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள்.

இந்தக் ககரக்காரர்கள் யாரும் சோடை போனவர்கள் அல்லர். மொசார்ட் இறந்த பிறகு வியன்னா அரண்மனை உத்தியோகம் லியோபோல்ட் கொஜெலுக்குக்குப் போனது. மொசார்ட்டுக்கு ஆண்டுக்கு 800 கில்டர் கொடுத்து வந்த அரண்மனை இவருக்கு 1,500 கொடுத்தது. சம்பளப் பட்டியலை வைத்துச் சங்கீத வரலாறு எழுதியிருந்தால் இன்று சாக்லேட் உறையில் மொசார்ட்டுக்குப் பதில் கொஜெலுக்கின் படம்தான் இருந்திருக்கும். யோசப் மார்ட்டின் கிரவுஸ் மொசார்ட் பிறந்த அதே 1756இல் ஜெர்மனியில் பிறந்து, ஸ்வீடன் ராஜா மூன்றாம் குஸ்தாவிடம் வேலைக்குச் சேர்ந்தவர். 1792 மார்ச்சில் முகமூடி நடன விருந்து ஒன்றில் ராஜாவைச் சுட்டுவிட்டார்கள். ராஜாவின் இறுதிச் சடங்குக்கு ஒரு சோக சிம்பொனி எழுதிக் கொடுத்த கிரவுஸ், அதே ஆண்டு டிசம்பரில் தானும் போய்ச் சேர்ந்தார். பின்லாந்தில் பிறந்து ஸ்டாக்ஹோமில் வாழ்ந்த பெர்ன்ஹார்ட் குருசெல் கிளாரினெட் வித்வான். அவர் வாசிக்க வேண்டிய கான்செர்ட்டோக்களை அவரே எழுதிக்கொண்டார், மூன்று.

குருசெல் செய்தது புத்திசாலித்தனம். ஏனென்றால் மரக்குழல் கான்செர்ட்டோக்களின் சரித்திரத்தைப் புரட்டினால் ஒன்று பளிச்சென்று தெரிகிறது: இவற்றைத் தானாக எழுதியவர்கள் அபூர்வம். பியானோ கான்செர்ட்டோ விஷயம் வேறு. மொசார்ட், பீத்தோவன், ஷோப்பான், லிஸ்ட் எல்லோருமே பியானோக்காரர்கள்; தாங்கள் மேடையில் ஜொலிக்கத் தாங்களே எழுதிக்கொண்டார்கள். பசூன் வாசிக்கத் தெரிந்த பெரிய இசையமைப்பாளர் யார் என்று தேடினால் எட்வர்ட் எல்கர் அகப்படுவார். இளம் வயதில் வுஸ்டர் நகரில் ஒரு கொட்டகையில் நண்பர்களோடு உட்கார்ந்து பசூன் வாசித்தவர். அவரும் 1910இல் அந்த வாத்தியத்துக்குக் கொடுத்தது ஆறு நிமிஷச் சமாசாரம் ஒன்றுதான். ஆக, ஊதுகிறவர்களுக்கு வேறு வழியில்லை. அழுத பிள்ளைதான் பால் குடிக்கும். அழுதார்கள்.

மியூனிக்கில் 1811இல் நடந்தது இதற்கு முதல்தரமான உதாரணம். கார்ல் மரியா ஃபான் வேபருக்கு அப்போது வயது 24. அதற்கு முந்தின ஆண்டுதான் பண விவகாரம் ஒன்றில் கைதாகி, வுர்ட்டம்பெர்க் ராஜ்யத்தை விட்டே துரத்தப்பட்டிருந்தார். பிழைப்புத் தேடி மியூனிக் வந்தவர், அங்கே அரசவை ஆர்க்கெஸ்ட்ராவின் கிளாரினெட் கலைஞர் ஹைன்ரிஷ் பேர்மனோடு சிநேகமாகி, அவருக்காக ஒரு சிறிய கான்செர்ட்டினோ எழுதினார். கச்சேரி அமர்க்களம். பவேரிய ராஜா மாக்சிமிலியன் உடனே பேர்மனுக்காக இன்னும் இரண்டு பெரிய கான்செர்ட்டோக்கள் வேண்டும் என்று உத்தரவு போட்டார். அவ்வளவுதான், ஆர்க்கெஸ்ட்ராவில் மற்றவர்களுக்குத் தாங்கவில்லை. அவனுக்கு மட்டும் மூன்றா? ஆளாளுக்கு வந்து, "எனக்கொன்று, எனக்கொன்று" என்று வேபரைப் பிய்த்து எடுத்துவிட்டார்கள். ஆர்க்கெஸ்ட்ரா முழுவதும் கான்செர்ட்டோ கேட்டுப் பிசாசாக அலைகிறது என்கிற பொருளில் அவர் ஒரு நண்பருக்குக் கடிதமே எழுதியிருக்கிறார். அந்தக் கூட்டத்தில் காரியத்தைச் சாதித்தவர் பசூன்காரர் கேயோர்க் பிராண்ட். வேபரின் பசூன் கான்செர்ட்டோ அப்படி வந்ததுதான். மொசார்ட்டினுடையதற்கு அடுத்தபடியாக உலகத்துப் பசூன்காரர்கள் எல்லோரும் வாசிப்பது அதைத்தான். மற்றவர்கள் கேட்டுக் கேட்டு ஓய்ந்து போனதோடு சரி.

மொசார்ட்டிடம் கேட்டு வாங்குவது இன்னும் சிக்கல். வாங்கினாலும் அது உங்களுக்காக எழுதியதுதானா என்று உறுதி கிடையாது. 1777இல் சால்ஸ்பர்க் ஆர்க்கெஸ்ட்ராவில் ஃபெர்லெண்டிஸ் என்ற இத்தாலிய ஒபோக்காரர் இருந்தார். அவருக்காக மொசார்ட் ஓர் ஒபோ கான்செர்ட்டோ எழுதினார். சில மாதங்களில் வேலையை உதறிவிட்டு மான்ஹைம் போனபோது கையோடு அதையும் கொண்டுபோனார். அங்கிருந்த ஃப்ரீட்ரிஷ் ராம் என்ற ஒபோ வித்வான் அதைப் பிடித்துக்கொண்டு, வாய்ப்புக் கிடைத்தபோதெல்லாம் வாசித்தார். ஐந்தாவது முறையாக வாசித்துவிட்டார் என்று மொசார்ட் தன் அப்பாவுக்குப் பெருமையாக எழுதியிருக்கிறார்.

அதே ஊரில் ஃபெர்டினாண்ட் டெஜான் என்ற தனவந்தர். டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியில் மருத்துவராக இருந்து சம்பாதித்தவர். அதனாலேயே மொசார்ட் வட்டாரத்தில் அவருக்கு "இந்தியர்" என்று பட்டப்பெயர். பொழுதுபோக்குக்குப் புல்லாங்குழல் வாசிப்பவர். மூன்று சின்னக் கான்செர்ட்டோக்களும் சில குவார்ட்டெட்டுகளும் எழுதிக் கொடுத்தால் 200 கில்டர் தருவதாகச் சொன்னார். மொசார்ட்டுக்கு வயது 22, ஊரோ பாட்டும் கூத்துமான ஊர், போதாக்குறைக்கு ஒரு பாடகியின் மேல் காதல் வேறு. வேலை நகரவில்லை. கெடு நெருங்கியதும் ஒரு யோசனை தோன்றியது. ராம் ஊரெல்லாம் வாசித்துக்கொண்டிருந்த அந்த ஒபோ கான்செர்ட்டோவையே, பழைய சட்டையின் காலரைத் திருப்பித் தைத்துக் கொடுப்பது போல, ஒரு ஸ்வரம் ஏற்றி 'சி' யிலிருந்து 'டி' க்கு மாற்றிப் புல்லாங்குழலுக்கென்று நீட்டிவிட்டார். மூன்று கேட்ட இடத்தில் இரண்டு. அதில் ஒன்று இது. டெஜான் 200க்குப் பதில் 96 கில்டர் எண்ணி வைத்தார். அப்பாவுக்குப் பதில் சொல்ல வேண்டுமே? தனக்குப் பிடிக்காத வாத்தியத்துக்கு எழுதச் சொன்னால் கை ஓடுவதில்லை என்று மகன் எழுதிவிட்டான். அந்த ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டு, மொசார்ட்டுக்குப் புல்லாங்குழலே ஆகாது என்று இன்றுவரை நிகழ்ச்சிக் குறிப்புகளில் அச்சிடுகிறார்கள். ஒப்புக்கொண்ட வேலையை முடிக்காத பையன் அப்பாவிடம் சொன்ன சாக்கு அது என்பது, பிள்ளை பெற்றவர்கள் யார் படித்தாலும் விளங்கும்.

இதில் விசேஷம், பிற்பாடு ஒபோ வடிவம் தொலைந்துபோயிற்று. ஒட்டுப்போட்டதுதான் மிஞ்சியது. தங்களுடைய சொத்து ஒன்று புல்லாங்குழல்காரர்கள் வீட்டில் இருப்பதே தெரியாமல் ஒபோக்காரர்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தார்கள். 1920இல் பெர்ன்ஹார்ட் பாம்கார்ட்னர் சால்ஸ்பர்க்கில் பழைய காகிதங்களுக்கிடையே ஒபோவுக்கான ஏடுகளைக் கண்டெடுத்த பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. இரண்டு தரப்பும் இப்போது அதைச் சமரசமாகப் பங்கு போட்டு வாசிக்கின்றன.

கிளாரினெட் கதை இதைவிட மோசம். மொசார்ட்டின் நண்பர் அன்டோன் ஸ்டாட்லர், வழக்கமான கிளாரினெட்டைவிடக் கீழே இன்னும் சில ஸ்வரங்கள் போகும்படி ஒரு நீளக் கிளாரினெட் வைத்திருந்தார். அவருக்காக 1791 அக்டோபரில், கறுப்புக் காப்பி வரவழைத்துக் குடித்து, குழாயில் புகையிலை போட்டுப் பிடித்துவிட்டு, கான்செர்ட்டோவின் கடைசிப் பகுதியை ஏறக்குறைய ஒரே மூச்சில் எழுதினேன் என்று மனைவிக்கு மொசார்ட் எழுதிய கடிதம் இருக்கிறது. இரண்டு மாதத்தில் அவர் போய்விட்டார். விட்டுச் சென்ற சொத்துக் கணக்கில் ஸ்டாட்லர் தர வேண்டிய கடன் 500 கில்டர், பத்திரம் கிடையாது என்று ஒரு வரி. சரி, கையெழுத்துப் பிரதியாவது பத்திரமாக இருக்கிறதா? ஒன்பது ஆண்டுகள் கழித்து மனைவி கான்ஸ்டான்ஸே பதிப்பாளருக்கு எழுதிய கடிதப்படி, ஜெர்மனியில் பெட்டி திருட்டுப் போய்விட்டது, அதில்தான் எல்லாம் இருந்தது என்று ஸ்டாட்லர் சொல்கிறாராம். பெட்டி திருட்டுப் போகவில்லை, 73 டுக்காட்டுக்கு அடகுக் கடையில் இருக்கிறது என்று மற்றவர்கள் சொல்கிறார்களாம். எப்படியோ, பிரதி இன்றுவரை கிடைக்கவில்லை. பிறகு பதிப்பாளர்கள், கீழ் ஸ்வரங்களைச் சாதாரணக் கிளாரினெட்டுக்கு எட்டும்படி மேலே தூக்கிப்போட்டு அச்சிட்டார்கள். உலகம் உருகி உருகிக் கேட்கும் கிளாரினெட் கான்செர்ட்டோ அந்தத் திருத்தப் பிரதிதான்.

வாங்கிய பிறகு வாசிக்க வேண்டுமே, அது அடுத்த தலைவலி. லூயி ஷ்போர் வயலின்காரர். ஹெர்ம்ஷ்டெட் என்ற வித்வானுக்காகக் கிளாரினெட் கான்செர்ட்டோ எழுதியபோது, அந்த வாத்தியத்தில் எது முடியும், எது முடியாது என்று அவருக்குச் சரியாகத் தெரியாது. மனம்போல எழுதிவிட்டார். கஷ்டமான இடங்களை மாற்றித் தருவதற்குத் தயாராகவும் இருந்தார். ஹெர்ம்ஷ்டெட் மாற்றச் சொல்லவில்லை. ஊருக்குப் போய்த் தன் கிளாரினெட்டில் கூடுதல் சாவிகள் வைக்கச் செய்து, வாத்தியத்தையே கான்செர்ட்டோவுக்கு ஏற்றபடி மாற்றிக்கொண்டு வந்து நின்றார். மானஸ்தர்.

ஜாஸ் உலகத்து ராஜா பென்னி குட்மன் வேறு வழியில் போனார். ஆரன் கோப்லண்டுக்கு 2,000 டாலர் கொடுத்துக் கிளாரினெட் கான்செர்ட்டோ எழுதச் சொன்னார். 1948இல் கோப்லண்ட் முடித்துக் கொடுத்தார். பார்த்த குட்மனுக்கு உயரத்து ஸ்வரங்கள் சில வயிற்றைக் கலக்கின. குறைக்கச் சொல்லிக் குறைத்தும், மேடையேற 1950 நவம்பர் ஆயிற்று. அதே குட்மனுக்குப் பின்னால் ஒரு கான்செர்ட்டோ எழுதிய மால்கம் ஆர்னால்ட், கடைசிப் பகுதிக்கு குட்மன் பெயரை வைத்தே ஒரு குறும்புத் தலைப்பு வைத்தார். ஆர்னால்டிடம் குறும்புக்குப் பஞ்சமில்லை. 1956இல் லண்டன் ராயல் ஃபெஸ்டிவல் ஹாலில் நடந்த நகைச்சுவை சங்கீத விழாவுக்கு அவர் எழுதிய ஓவர்ச்சரில் ஆர்க்கெஸ்ட்ராவோடு மூன்று வாக்யூம் கிளீனர்கள், ஒரு தரை மெருகூட்டும் இயந்திரம், நான்கு துப்பாக்கிகள். அமெரிக்க அதிபர் ஹூவருக்குச் சமர்ப்பணம். ஊதாமல் உறிஞ்சி நாதம் எழுப்பிய வாத்தியத்துக்கு அதற்கு முன்பு இலக்கியம் கிடையாது.

இனி ஒபோ. ஆர்க்கெஸ்ட்ரா வாசிக்கத் தொடங்குமுன் ஒபோக்காரர் 'ஏ' ஸ்வரத்தை நீளமாக ஒருமுறை ஊதுவார். வினாடிக்கு 440 அதிர்வு, சில ஊர்களில் இரண்டு மூன்று கூட. நூறு பேரும் அதைக் கேட்டுத்தான் சுருதி சேர்க்க வேண்டும். அந்தப் பதினைந்து விநாடி அவர் சொன்னதுதான் சட்டம். அது முடிந்ததும் இரண்டாம் வரிசைக்குப் பின்னால் காணாமல் போய்விடுவார்.

அவரை மறுபடி பார்க்க வேண்டுமானால் இடைவேளையில் ஒப்பனை அறைக்குப் போக வேண்டும். கத்தியும் கையுமாக உட்கார்ந்து சீவாளி சீவிக்கொண்டிருப்பார். ஒபோவின் சீவாளி, நாதஸ்வரத்தினுடையது போலவே இரண்டு நாணல் தகடுகள் சேர்ந்தது. நமக்குத் திருவாவடுதுறை எப்படியோ அப்படி அவர்களுக்குத் தெற்கு பிரான்சின் வார் மாவட்டம்; நாணல் அங்கிருந்து வருகிறது. மாதக்கணக்கில் காயவைத்து, செதுக்கி, நூல் சுற்றிக் கட்டிய சீவாளிக்கு ஆயுள் சில வாரம். மழை பெய்தால் ஒரு குணம், வெயில் அடித்தால் ஒரு குணம். ஒபோக்காரரிடம் "சௌக்கியமா?" என்று கேட்டால் சீவாளியின் உடல்நிலையைத்தான் சொல்வார். கிளாரினெட்டுக்கு ஒற்றைத் தகடு, இம்சை பாதி. அதனால்தானோ என்னவோ கிளாரினெட் கடல் தாண்டி வந்து சதிர்க் கச்சேரியில் நுழைந்து, ஏ.கே.சி. நடராஜன் கையில் முழுக் கச்சேரி வாத்தியமாகவே ஆனது. ஒபோ அங்கேயே நின்றுவிட்டது.

இன்னொரு விசித்திரமும் உண்டு. ஊதுகிறவர்களுக்குப் பொதுவாக மூச்சுப் பற்றாக்குறை. ஒபோக்காரருக்கு மூச்சு மிஞ்சிப்போவதுதான் பிரச்சினை. சீவாளியின் வாய் அவ்வளவு சிறியது; காற்றுச் செலவே ஆகாது. பழைய காற்று நெஞ்சில் தேங்கி, புதுக்காற்றை இழுப்பதற்கு முன்னால் இதை வெளியே விட்டாக வேண்டும். இந்தக் கஷ்டத்தைத் தெரிந்துகொண்டே ஒருவர் ஒபோவுக்கு ஐம்பதுக்கும் மேற்பட்ட தாளவட்டணைகள் இடைவெளியே இல்லாமல் எழுதி வைத்தார். அவர் ரிச்சர்ட் ஸ்ட்ராவுஸ். கேட்கப் போய் வாங்கிக் கட்டிக்கொண்டவர் ஓர் அமெரிக்கச் சிப்பாய்.

1945. யுத்தம் முடிந்திருந்தது. ஜெர்மனியில் கார்மிஷ் மலையூரில் 80 தாண்டிய ஸ்ட்ராவுஸ் வீட்டோடு இருந்தார். வீட்டைக் கையகப்படுத்த வந்த அமெரிக்க ராணுவத்தாரிடம், 'ஸலோமே', 'ரோஸன்கவாலியர்' ஆபராக்களை எழுதிய ஸ்ட்ராவுஸ் நான்தான் என்று சொல்லி வீட்டைக் காப்பாற்றிக்கொண்டவர். அந்த வீட்டுக்கு அடிக்கடி வந்துபோன சிப்பாய்களில் ஒருவர் ஜான் டி லான்ஸி. ராணுவத்தில் சேருமுன் பிட்ஸ்பர்க் சிம்பொனியில் முதன்மை ஒபோ. ஸ்ட்ராவுஸின் படைப்புகளில் ஒபோவுக்கு எத்தனை அழகழகான இடங்கள் என்று மனப்பாடமாகச் சொல்லி, தனியாக ஒரு கான்செர்ட்டோ எழுதும் எண்ணம் உண்டா என்று பணிவாகக் கேட்டார். "இல்லை" என்றார் ஸ்ட்ராவுஸ். பேச்சு அத்தோடு முடிந்தது.

ஆனால் கிழவர் மனசில் பொறி விழுந்துவிட்டது. சில மாதங்களில், ஸ்ட்ராவுஸ் ஓர் அமெரிக்கச் சிப்பாய் கேட்டதற்காக ஒபோ கான்செர்ட்டோ எழுதுகிறார் என்று பத்திரிகையில் செய்தி பார்த்து டி லான்ஸி வாயைப் பிளந்தார். ஸ்ட்ராவுஸ் நன்றி மறக்காமல் கையெழுத்துப் பிரதியில் குறிப்பும் எழுதினார்: தூண்டியவர் சிகாகோ ஒபோக்காரரான ஒரு சிப்பாய். பிட்ஸ்பர்கை சிகாகோ ஆக்கிவிட்டார். 1946 பிப்ரவரியில் ஜூரிக்கில் அரங்கேற்றம். வாசித்தவர் மார்செல் சாய்யே என்ற வேறொருவர்.

அமெரிக்காவிலாவது தான் முதலில் வாசிக்கலாம் என்று டி லான்ஸிக்கு ஆசை இருந்திருக்கும். ஸ்ட்ராவுஸ் உரிமையையும் கொடுத்தார். ஆனால் அதற்குள் அவர் பிலடெல்ஃபியா ஆர்க்கெஸ்ட்ராவில் சேர்ந்துவிட்டார், இளையவராக. அங்கே முதன்மை ஒபோ மார்செல் டபுடோ, ஒபோ உலகத்துச் சக்கரவர்த்தி. பெரியவர் உட்கார்ந்திருக்க, சின்னவர் முன்னால் வந்து தனியாக வாசிப்பதாவது? ஆர்க்கெஸ்ட்ரா சம்பிரதாயம் இடம் கொடுக்கவில்லை. டி லான்ஸி உரிமையை நியூயார்க்கிலிருந்த மிட்ச் மில்லர் என்ற நண்பருக்குத் தாரை வார்த்தார். மில்லர் பிற்பாடு ஒபோவை விட்டுவிட்டு, தொலைக்காட்சியில் வீட்டிலிருப்பவர்களையெல்லாம் கூடவே பாடவைக்கும் நிகழ்ச்சி நடத்திப் பெரும்புகழ் பெற்றார். டி லான்ஸி அதை ஒலிப்பதிவு செய்தது பிலடெல்ஃபியாவிலிருந்து ஓய்வு பெற்ற பிறகுதான். கூடுதல் செய்தி: 'ஸ்டார் டிரெக்' தொடரில் 'க்யூ' என்ற சர்வ வல்லமை படைத்த வேடத்தில் வருகிற நடிகர் இவருடைய மகன். அப்பாவுக்கு இல்லாத அதிகாரம் மகனுக்காவது வாய்த்தது.

கேட்காமலே கிடைத்த ஆசாமியும் உண்டு: பிரஷ்யாவின் ராஜா இரண்டாம் ஃப்ரெடெரிக். யுத்தம் இல்லாத மாலைகளில் பொட்ஸ்டாம் அரண்மனையில் புல்லாங்குழல் வாசிப்பார். அவருடைய ஆசிரியர் குவான்ட்ஸ் சுமார் 300 கான்செர்ட்டோக்கள் எழுதினார், பெரும்பாலும் அந்த ஒரே வாடிக்கையாளருக்காக. சம்பளம் தனி, எழுதும் உருப்படிகளுக்குத் தனி, செய்து தரும் புல்லாங்குழல் ஒன்றுக்கு 100 டுக்காட் தனி. 1772இல் வந்து கேட்ட ஆங்கிலேயர் சார்ல்ஸ் பர்னி ஒரு விஷயம் கவனித்திருக்கிறார். ராஜா வாசிக்கும்போது "பிராவோ" சொல்லும் உரிமை அந்தச் சபையிலேயே குவான்ட்ஸ் ஒருவருக்குத்தான். நல்ல இடம் வரும்போது சொல்லாமல் இருப்பதும் ஒரு விமர்சனம்தானே. ராஜாவிடம் அதற்கு மேல் யாரால் முடியும்?

விவால்டி பசூனுக்கு எழுதிய 39 கான்செர்ட்டோக்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். அதில் இரண்டு அரைகுறை. சொல்லப்போனால் இரண்டரை மீட்டர் குழாயை மடித்துக் கட்டிய அந்த வாத்தியம் விவால்டி காலத்தில் கோபிக்கவும் உருகவும் ஓடவும் செய்தது. பின்னால் வந்தவர்கள்தாம் அதைக் கோமாளி ஆக்கினார்கள். 'சூனியக்காரனின் சீடன்' கதையில் துடைப்பம் எழுந்து நடக்கவா, கூப்பிடு பசூனை. 'பீட்டரும் ஓநாயும்' கதையில் முணுமுணுக்கும் தாத்தாவா, கூப்பிடு பசூனை.

மரக்குழல்காரர்களின் நச்சரிப்பே இல்லாமல், வெறும் பிரியத்தால் மாட்டிக்கொண்டவர் டென்மார்க்கின் கார்ல் நீல்சன். கோபன்ஹேகன் மரக்குழல் ஐவர் குழுவின் வாசிப்பில் மயங்கி, ஐந்து பேருக்கும் ஆளுக்கொரு கான்செர்ட்டோ என்று முடிவு செய்தார். புல்லாங்குழல்காரர் கில்பர்ட்-யெஸ்பெர்சன் பிரெஞ்சுப் பாணியில் பழகிய நாசூக்குப் பேர்வழி. நீல்சன் 1926இல் அவருக்காக எழுதியபோது ஆர்க்கெஸ்ட்ராவில் டிரம்பெட் இல்லை, வேறு புல்லாங்குழல் இல்லை. ஒரே ஒரு பாஸ் டிராம்போன் மட்டும் இருக்கிறது. புல்லாங்குழல் ஏதோ நளினமாகச் சொல்ல ஆரம்பிக்கும். பின்னாலிருந்து டிராம்போன் முரட்டுத்தனமாகக் குறுக்கே விழும். கல்யாண வீட்டில் கவிதை வாசிப்பவரின் பக்கத்தில் உட்கார்ந்து ஏப்பம் விடும் மாமா யாரென்று கேட்டால், இவர்தான். வேடிக்கை என்னவென்றால், கடைசியில் புல்லாங்குழல் ஊர் ஊராகத் தேடிய சுருதியை டிராம்போன்தான் சாவகாசமாகக் கண்டுபிடித்துக் கொடுக்கிறது. கண்டுபிடித்த குஷியில் மேலும் கீழும் வழுக்கி வேறு காட்டுகிறது. கிளாரினெட்டுக்கு அடுத்தது, 1928இல். வாங்கிய ஓகே ஓக்ஸென்வாட் கொஞ்சம் கோபக்காரர். கான்செர்ட்டோவிலும் ஒரு சிறு முரசு கிளாரினெட்டோடு மல்லுக்கு நிற்கிறது. இத்தனை கஷ்டமான ஸ்வரங்களாகப் பொறுக்கி எடுத்திருக்கிறாரே, மனிதருக்குக் கிளாரினெட் வாசிக்கத் தெரிந்திருக்க வேண்டும் என்று ஓக்ஸென்வாட் சொன்னதாகக் கதை. 1931இல் நீல்சன் காலமானார். ஒபோ, பசூன், ஹார்ன் வாசித்த மூவருக்கும் வாக்குறுதி மட்டும் மிச்சம்.

இத்தனையும் தாண்டி இப்படி ஒரு கச்சேரி நடந்தேவிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். பெரும்பாலும் அந்த ஆர்க்கெஸ்ட்ராவின் சொந்தக் கலைஞர்தான் முன்னால் வருவார். விமானச் செலவு இல்லை என்பதில் கணக்கருக்கு ஆறுதல். வாசித்து முடித்ததும் சகாக்களின் பாராட்டைப் பார்க்க வேண்டும்: தந்தி வாத்தியக்காரர்கள் வில்லால் ஸ்டாண்டைத் தட்டுவார்கள், கையில் வாத்தியம் வைத்திருக்கும் ஊதுகிறவர்கள் காலால் தரையைத் தேய்ப்பார்கள்.

கஷ்டம் சபைக்குத்தான். தெரிந்த சிம்பொனி என்றால் எங்கே முடிகிறது என்று முன்வரிசைக்குத் தெரியும். மற்றவர்கள் முன்வரிசையைப் பார்த்துத் தட்டலாம். கிரோமர் எங்கே முடிகிறார் என்று முன்வரிசைக்கும் தெரியாது. பகுதிகளுக்கு நடுவில் தட்டக் கூடாது என்பது பிற்காலத்து ஆசாரம். மொசார்ட் 1778இல் பாரிஸில் சிம்பொனி வாசிக்க வைத்தபோது பகுதிக்கு நடுவிலேயே கைதட்டல் விழுந்தது. மனிதர் கோபிக்கவில்லை, சந்தோஷமாகப் போய் ஐஸ்கிரீம் சாப்பிட்டார். இப்போதோ தட்டத் தடை இருப்பதால் கிடைத்த இடைவெளியில் எல்லோரும் இருமித் தீர்க்கிறார்கள். 2013இல் சிகாகோவில் மாலரின் ஒன்பதாவது சிம்பொனிக்கு நடுவே கண்டக்டர் மைக்கேல் டில்சன் தாமஸ் பொறுக்க முடியாமல் உள்ளே போய், கைநிறைய இருமல் மிட்டாய் கொண்டுவந்து ரசிகர்கள் மேல் வீசினார்.

எப்போது தட்டுவது என்ற இந்தப் பயத்தை வைத்தே 1788இல் ஒருவர் சிம்பொனி எழுதிவிட்டார். ஹைடனின் 90ஆம் எண். அதிகம் வாசிக்கப்படாத ஒன்று. கடைசிப் பகுதியில் ஆர்க்கெஸ்ட்ரா தடபுடலாக முடித்து நிற்கும். சபை கைதட்டும். நான்கு தாளவட்டணை மௌனத்துக்குப் பிறகு, ஒன்றுமே நடக்காதது போல, சம்பந்தமில்லாத வேறொரு சுருதியில் மெல்ல மறுபடி ஆரம்பிக்கும். தட்டியவர்கள் அசடு வழிவார்கள். அந்தப் பாதியை இரண்டாம் முறை வாசிக்க வேண்டும் என்று ஹைடன் குறித்திருப்பதால், ஏமாந்தவர்களே திரும்பவும் ஏமாறுவதற்கு வசதி உண்டு. சைமன் ராட்டில் பெர்லின் பில்ஹார்மோனிக்கோடு இதை ஒலித்தட்டாக்கியபோது கடைசிப் பகுதியை இரண்டு விதமாகச் சேர்த்தார்: சபை ஏமாந்து தட்டியது ஒன்று, தட்டாதது ஒன்று. அதே தொகுப்பில் ஹைடன் 1792இல் லண்டனில் எழுதிய சின்ஃபோனியா கான்செர்டான்டேயும் இருக்கிறது. வயலின், செல்லோவோடு ஒபோவும் பசூனும் அதில் முன்னால் வருகின்றன. ஹைடனின் பழைய மாணவர் பிளெயல் அதே லண்டனில் போட்டிக் கம்பெனிக்குக் கச்சேரி நடத்தி இந்த மாதிரி உருப்படிகளால் கூட்டம் சேர்த்துக்கொண்டிருந்தார். அதைப் பார்த்துத்தான் குருவும் அவசரமாக ஒன்று எழுதினார்.